கொம்புச் சீப்பும் ஒற்றைச் சரப் பவளமும்

திருப்பூர் ராயபுரத்தில் பட்டனும் ஜிப்பும் விற்கும் ஒரு கடையின் மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்குப் பிடித்து, பிரிசில்லா மணப்பெண் அலங்காரம் செய்துவந்தாள். அவிநாசிப் பக்கத்துக் கிராமத்தில், பல தலைமுறைகளாக அங்கேயே இருக்கும் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள். பள்ளிக்கூடம் முடித்ததும் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்கு வந்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவளைச் சுற்றி எப்போதும் நாலு பெண்கள் தலையை அவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். பஞ்சுத் தூசி படிந்த கூந்தலைச் சிக்கெடுத்து, புதுப் புதுப் பின்னலாகப் போட்டுவிடுவாள். அந்தக் கைப்பழக்கம்தான் பிறகு தொழிலானது. கணவன் பூபாலன், நிட்டிங் கம்பெனியிலிருந்து சாயப்பட்டறைக்குத் துணி ஏற்றிப்போகும் டெம்போ ஓட்டுபவன். மாடியறையைப் பேசி முடித்ததும் கண்ணாடி மாட்டிக்கொடுத்ததும் அவன்தான்.

ஊரில் இப்படி அலங்காரம் செய்பவர்கள் ஏராளம். பிரிசில்லாவைத் தேடி வந்தவர்கள் அவள் வைத்திருந்த பழைய நகைகளுக்காக வந்தார்கள். மணப்பெண்கள் ‘ஆன்டிக்’ வேண்டும் என்று கேட்கத் தொடங்கியபோது மற்றவர்கள் மங்கல் பாலிஷ் போட்ட கவரிங்கை எடுத்துக் காட்டினார்கள். இவள் மட்டும் நிஜமாகவே பழைய சாமான்களைத் தேடிப் போனாள். இடித்த வீடுகளின் சாமான்கள் வந்து சேரும் கடைகளில் குந்தி உட்கார்ந்து துழாவுவாள். பல் உடைந்த கொம்புச் சீப்பு, கொண்டையில் செருகும் வெள்ளி வில்லை, சரம் அறுந்து டப்பாவில் கிடக்கும் பவளம் எல்லாம் அப்படித்தான் சேர்ந்தன. பவளத்தைக் கடைக்காரன் பார்க்காதபோது பல்லில் வைத்துப் பார்ப்பாள். குளிர்ந்தால் நிஜப் பவளம், வாங்குவாள். வீட்டுக்கு வந்து பட்டு நூலில் கோத்து, கழுத்தில் ஒருமுறை போட்டுப் பார்த்து, கழற்றி வைப்பாள். இந்த நகையைக் கடைசியாகப் போட்டிருந்தவள் யார், ஏன் இது குப்பைக்கு வந்தது என்று நினைத்தால் சில நாள் அவளுக்குத் தூக்கம் பிடிக்காது. பூபாலன் சிரிப்பான்.

கார்த்திகை மாதம் காங்கேயம் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தாள். பெண் கவிப்பிரியா, அவளுடைய அப்பா பொன்னுச்சாமிக்குத் தேங்காய்க் களமும் கொஞ்சம் நிலமும் இருந்தன. பெண்ணுக்குக் கொண்டை போட்டு முடிக்கும் நேரம், பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு வயதான அம்மாள் உள்ளே வந்தார். பெயர் பழனாத்தாள். வெள்ளைக் கொண்டையில் ஒரு சீப்புச் செருகியிருந்தார். பிரிசில்லாவின் கை அப்படியே நின்றது.

அது மாட்டுக் கொம்பில் செதுக்கிய சீப்பு. ஜன்னல் வெளிச்சம் பட்ட இடத்தில் தேன் நிறமாகத் தெரிந்தது. மேல் விளிம்பில் வெள்ளிக் கொடி ஓட, கொடி நெடுகப் பழம்போலச் சின்னச் சின்னப் பவளங்கள். கழுத்தில் ஒற்றைச் சரப் பவளம். இரண்டு பவள மணிக்கு ஒரு தங்கக் குண்டு. இத்தனை வருடத் தேடலில் அவள் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

“என்ன கண்ணு, இப்படிப் பாக்கறே?” என்றார் பழனாத்தாள்.

“சீப்புங்கம்மா. எங்கீங்க வாங்குனது?”

“வாங்குனதில்லை. எங்க அப்புச்சி, அம்மாவப் பெத்தவரு, கொழும்புக்குக் காளை ஓட்டிட்டுப் போவாரு. அவரு ஆசையா வளர்த்த மயிலைக் காளை செத்தப்ப, அதோட கொம்பை எடுத்து எங்க அம்மாயிக்குச் செஞ்சு குடுத்தது.”

சொல்லிக்கொண்டே அவர் சீப்பை உருவி நீட்டினார். “புள்ளைக்கு வெச்சு உடு. முகூர்த்தம் முடிஞ்சு எனக்குக் குடுத்தாப் போதும்.”

கவிப்பிரியாவின் கருங்கூந்தலில் அந்தச் சீப்பு ஏறியதும் அறையில் இருந்த பெண்கள் எல்லோரும் போனை எடுத்தார்கள். பிரிசில்லாவும் எடுத்தாள். பின்னாலிருந்து கொண்டையைச் சுற்றி வந்து, பெண் திரும்பிப் பார்த்துச் சிரிப்பதோடு முடியும் ஒரு சின்ன வீடியோ. அன்று மாலையே தன் பக்கத்தில் போட்டாள். ஜன்னலுக்கு வெளியே கல்யாணப் பந்தல் வளைவில் எழுதியிருந்த ஊர்ப் பெயரும் அதில் ஒரு நொடி வந்துபோனது. அதை அப்போது அவள் கவனிக்கவில்லை.

அந்த வீடியோவை எங்கெங்கோ இருப்பவர்கள் பார்த்தார்கள். சீப்பு வாடகைக்குக் கிடைக்குமா என்று போன் வந்துகொண்டே இருந்தது. பிரிசில்லா ஒரு ஞாயிறு பூபாலனுடன் பழனாத்தாளின் தோட்டத்துக்குப் போனாள். தார் ரோட்டிலிருந்து பிரிந்து, இருபுறமும் கிளுவை வேலி போட்ட மண்தடமான இட்டாரியில் நெடுந்தூரம் போக வேண்டும். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் வேறு வீடு இல்லை. பொன்னுச்சாமியின் தோட்டமே ஒரு தென்னந்தோப்பைத் தாண்டித்தான். பழனாத்தாளும் அவர் கணவர் நஞ்சப்பனும் மட்டும் அங்கே இருந்தார்கள். ஒரே மகன் பிரபாகர் வெளிநாட்டில் வேலை. கட்டுத்தரையில் மூன்று மாடுகள். வாசலில் செவலையும் கருப்பும் என்று இரண்டு நாய்கள். வண்டியைக் கண்டதும் பாய்ந்து வந்தன.

“கூலிக்கெல்லாம் குடுக்கறதில்லை கண்ணு” என்று பழனாத்தாள் முதலிலேயே சொல்லிவிட்டார். “நீ வேணும்னா வந்து பாத்துட்டுப் போ.”

பிரிசில்லாவுக்கு அதுவே போதுமாக இருந்தது. பவளச் சரத்தின் நூல் நைந்திருந்தது. அவள் அங்கேயே உட்கார்ந்து புது நூலில் கோத்துக் கொடுத்தாள். அந்த வருடம் தனித்த தோட்டத்து வீடுகளில் வயதானவர்களை அடித்து நகை பறித்துப் போவதைப் பற்றி எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். கிளம்பும்போது அவள் கேட்டாள், “ஏனுங்கம்மா, இதையெல்லாம் பேங்க்ல வெக்கக் கூடாதுங்களா?”

“பேங்க்ல வெச்சா தலையில எப்படி வெக்கறது?” என்று பழனாத்தாள் சிரித்தார். நஞ்சப்பன் சிரிக்கவில்லை. அவர் இட்டாரியின் கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கார்த்திகை முடியப்போகும் நேரத்தில் ஒரு மத்தியானம், மாடிப்படி ஏறி ஒரு வாலிபன் வந்தான். நெற்றியில் விபூதி, தேய்த்த சட்டை. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தான். பெயர் யுவன் என்றான். தங்கைக்குக் கல்யாணம் என்றான். போனில் அந்த வீடியோவை எடுத்துக் காட்டினான்.

“இந்தச் சீப்புதான் வேணும்னு அழுகறாளுங்க அக்கா.”

“அது என்னுது இல்லீங்க தம்பி. தோட்டத்து அம்மா ஒருத்தரோடது. வெளிய குடுக்கறதில்லை.”

“கேட்டுப் பாக்கலாம்ங்களா? அவங்க மகன், மருமகளையெல்லாம் கேக்கோணுமா?”

“மகன் வெளிநாட்டுல இருக்காருங்க. அந்தம்மா சொன்னாத்தான்.”

சொன்ன பிறகுதான், சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது. வாலிபன் தலையாட்டினான். சுவர் முழுக்கச் சீப்பும் வில்லையும் மாட்டியிருந்தன. அவன் எதையும் திரும்பிப் பார்க்கவில்லை.

“அவங்க கழுத்துல ஒரு பவளம் போட்டிருந்தாங்களே, தங்கக் குண்டு வெச்சு. அது பழசுங்களா?”

“ஆமாங்க.” அவள் குரல் இறங்கிவிட்டது. பவளம் மணப்பெண்ணின் கழுத்தில் இல்லை. வீடியோவின் ஓரத்தில் பழனாத்தாள் கண்மூடித் திறக்கும் நேரம்தான் வந்துபோகிறார். “கல்யாணம் எப்பங்க தம்பி?”

“அடுத்த மாசங்க.”

நம்பர் கொடுத்துவிட்டு, தங்கையைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லி இறங்கிப் போனான். வண்டிச் சத்தம் கேட்கவில்லை. பிரிசில்லா ஜன்னலுக்கு வந்து பார்த்தாள். எதிர்ச் சந்தின் நிழலில் அவன் நின்று, மாடியைப் பார்த்தபடி யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தான். இவளைக் கண்டதும் சிரித்துக் கையசைத்தான்.

சாயங்காலம் பூபாலன் வந்ததும் அவள் நடந்ததைச் சொன்னாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே நிறுத்தினாள்.

“ஏனுங்க, மார்கழியில யாராச்சும் கல்யாணம் வெப்பாங்களா?”

“வெக்க மாட்டாங்க. அதுக்கென்ன?”

“அடுத்த மாசம் மார்கழி. அவன் நெத்தி நெறைய விபூதி வெச்சிருந்தானுங்க. கல்யாணம் வெச்சிருக்கற ஊட்டுல மாசம் கூடவா தெரியாது?”

“வாய் தவறிச் சொல்லியிருப்பான்” என்றான் பூபாலன். ஆனாலும் யுவன் கொடுத்த நம்பருக்குத் தன் போனிலிருந்து அடித்துப் பார்த்தான். எங்கோ மெஷின் ஓடும் இரைச்சலுக்கு நடுவே ஒருவர் இந்தியில் பேசினார். யுவன் என்று யாரையும் அவருக்குத் தெரியவில்லை. பிரிசில்லா தன் பக்கத்திலிருந்து அந்த வீடியோவை எடுத்துவிட்டாள். அதற்குள் அது எத்தனையோ பேர் கைக்குப் போயிருந்தது.

காலையில் பழனாத்தாளைக் கூப்பிட்டாள். எடுத்ததுமே அவர், “செவலை செத்துப்போச்சு கண்ணு” என்றார்.

“எப்படீங்கம்மா?”

“வெடியால பாத்தா நொரை தள்ளிக் கெடந்துது. பாம்பு தீண்டியிருக்கும்ங்கறாரு.”

“வெளியாளுக யாராச்சும் வந்தாங்களா?”

“தேங்கா யாவாரின்னு ஒரு பையன் வந்தான். நல்ல மரியாதை. சாமி, சாமின்னுதான் பேசுனான். காய் எப்பப் போடுவீங்கன்னு கேட்டுட்டு, தண்ணி வாங்கிக் குடிச்சுட்டுப் போனான்.”

“விபூதி வெச்சிருந்தானுங்களா?”

“ஆமா. உனக்குத் தெரிஞ்ச பையனா?”

அன்றைக்கு இருந்த வேலையைத் தள்ளி வைத்துவிட்டுப் பிரிசில்லா கிளம்பினாள். பூபாலனும் டெம்போவை எடுத்தான். காங்கேயம் ரோட்டில் எண்ணெய் ஆலைகளின் களங்களில் கொப்பரை காய்ந்தது. இட்டாரிக்குள் வண்டி திரும்பியபோது எந்த நாயும் குரைக்கவில்லை. கருப்பு நாய் கட்டுத்தரைக்குள் படுத்திருந்தது. கூப்பிட்டால் வாலை மட்டும் அசைத்தது, எழுந்து வரவில்லை.

பூபாலன் வேலியைச் சுற்றிப் பார்க்கப் போனான். கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டான். தோப்பின் ஓரத்தில் கிளுவையை வெட்டி, ஆள் நுழையும் அளவுக்கு வழி விட்டு, வெட்டிய கொப்புகளை மறுபடி சாத்தி வைத்திருந்தார்கள். உள்ளே தள்ளி, ஒரு தென்னையின் அடியில் புல் அமுங்கிக் கிடந்தது. பிஸ்கட் காகிதமும் காலித் தண்ணீர் பாட்டிலும் கிடந்தன. பிரிசில்லா அந்த இடத்தில் குனிந்து உட்கார்ந்து வீட்டைப் பார்த்தாள். புழக்கடைக் கதவு நேராகத் தெரிந்தது. அடுப்படி ஜன்னலும் தெரிந்தது. ஜன்னலுக்குள் பழனாத்தாள் இவர்களுக்குக் காப்பி போட்டுக்கொண்டிருந்தார். அவர் குனியும்போதெல்லாம் கொண்டையில் சீப்பு மினுங்கியது.

பூபாலன் கை கொடுத்துத் தூக்கிவிட்டான்.

போலீஸுக்குச் சொன்னார்கள். ஒரு ஏட்டு வந்து வேலியையும் புல்லையும் பார்த்தார். அந்தப் பக்கம் ரோந்து வரச் சொல்வதாகவும், சில நாளைக்குப் பெரியவர்கள் இருவரும் வேறு எங்காவது போய் இருப்பது நல்லது என்றும் சொன்னார். நஞ்சப்பன் மறுத்துவிட்டார்.

“மாட்டை யாரு பாக்கறதுங்க? பால் கறக்கோணும், தண்ணி காட்டோணும். நானென்ன நேத்துப் பொறந்தவனா?”

அதற்குள் மகனுக்குச் செய்தி போய், அவன் வீடியோ காலில் வந்தான். பழனாத்தாள் போனைப் பிரிசில்லாவின் பக்கம் திருப்பினார். பிரபாகரின் முகம் தூக்கத்திலிருந்து எழுந்த முகமாக இருந்தது.

“நீங்க யாருங்க? எங்க அம்மா நகை மேல உங்களுக்கு என்ன அக்கறை?”

“அக்கறை இல்லீங்க, பயமா இருக்குதுங்க. அந்தாளு என்கிட்டயும் வந்தான், இங்கயும் வந்திருக்கான்.”

“நீங்க வீடியோ போட்டீங்க, உங்க கடைக்கு ஒருத்தன் வந்தான், அப்புறம் எங்க தோட்டத்துக்கு வந்தான். இத்தனை வருஷமா யாரும் வரலை. உங்களையும்தானே நாங்க சந்தேகப்படோணும்?”

அவன் சொன்னதில் பாதி உண்மை என்று அவளுக்குத் தெரிந்தது. உதவியை எதிர்பார்த்து அவள் பழனாத்தாளைப் பார்த்தாள். அவர் முந்தானையைத் தலையில் போட்டுச் சீப்பை மூடிக்கொண்டார். வேண்டுமென்று செய்தாரோ என்னவோ. “நீ பொழுதோட போயிட்டு வா கண்ணு” என்று மட்டும் சொன்னார்.

டெம்போவில் ஏறியதும் பூபாலன் வெடித்தான். “இனி அந்தத் தோட்டத்துப் பக்கம் நீ தலை வெக்கக் கூடாது. நம்மளையே திருடங்கறானுக.”

அவள் அழுதுகொண்டிருந்தாள். ஆனால் இட்டாரி முடியும் இடத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். இறங்கிப் பொன்னுச்சாமியின் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். மகள் கல்யாணத்தின் தோரணம்கூட அங்கே இன்னும் கழற்றியிருக்கவில்லை. பொன்னுச்சாமி வேலியில் இருந்த வழியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் முகம் மாறியிருந்தது.

“நான் பாத்துக்கறனுங்க. ராத்திரிக்கு ரெண்டு பேரும் இங்க வந்து படுத்துக்கட்டும். நான் சொன்னா நஞ்சப்பண்ணன் கேப்பாரு.”

கேட்டார். இருட்டுவதற்குள் பால் கறந்து, வீட்டைப் பூட்டிக்கொண்டு, இருவரும் தோப்பைத் தாண்டி வந்து பொன்னுச்சாமியின் வீட்டில் படுத்துக்கொண்டார்கள். விடிந்ததும் நஞ்சப்பன் பால் கறக்கத் திரும்பிப் போவார். சீப்பும் பவளமும் வைத்த நகைப் பெட்டியை மட்டும் பழனாத்தாள் கொண்டுவரவில்லை. அதை வைத்துக்கொண்டு இன்னொருவர் வீட்டில் படுத்தால் அவர்களுக்கும் ஆபத்து என்று நினைத்தார். பருத்திக்கொட்டை போட்டு வைக்கும் தகரப் பெட்டிக்குள், கொட்டைக்கு அடியில் புதைத்து வைத்தார். இடம் அவருக்கும் நஞ்சப்பனுக்கும் மட்டுமே தெரியும்.

இதையெல்லாம் கவிப்பிரியா போனில் பிரிசில்லாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். மார்கழி பிறந்தது. ராயபுரத்து மாடியறையில் வேலை இல்லை. பிரிசில்லா நகைகளை இறக்கித் துடைத்தாள். படியில் செருப்புச் சத்தம் கேட்டால் கை நின்றுவிடும். ஒருமுறை பூ மார்க்கெட் கூட்டத்தில் அவனைப் பார்த்ததாக நினைத்துப் பின்னாலேயே போனாள். திரும்பியவன் வேறு யாரோ. கருப்பு நாயும் செத்துப்போனது என்று ஒரு நாள் செய்தி வந்தது. அன்றிலிருந்து அவள் போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தாள்.

தோட்டத்தில் பனி இறங்கி, கை நீட்டினால் விரல் தெரியாத ஒரு காலை. நஞ்சப்பன் வழக்கம்போலப் பால் கறக்கப் போனார். வெயில் ஏறியும் திரும்பவில்லை. தோப்புக்கு அந்தப் பக்கம் மாடுகள் விடாமல் கத்திக்கொண்டிருந்தன. கறக்காத மாட்டின் கத்தல் அது என்று பொன்னுச்சாமிக்குத் தெரியும். அவர் ஓடினார்.

கட்டுத்தரையின் வாசலில் நஞ்சப்பன் குப்புறக் கிடந்தார். தலையிலிருந்து வழிந்த ரத்தம் சாணத்தோடு கலந்திருந்தது. கையில் கன்றுக்குட்டியின் கயிறு இன்னும் சுற்றியிருந்தது. மூச்சு இருந்தது. வீட்டுக் கதவு நெம்பித் திறந்திருந்தது. பீரோவை உடைத்து, மெத்தைகளைக் கிழித்து, அரிசி அண்டாவைக்கூடக் கவிழ்த்திருந்தார்கள். ஆளில்லாத வீட்டில் ராத்திரி முழுக்கத் தேடியிருக்கிறார்கள். கிடைக்காமல் நிற்கும்போது நஞ்சப்பன் பனிக்குள்ளிருந்து வந்திருக்கிறார்.

பருத்திக்கொட்டைப் பெட்டியை மட்டும் யாரும் உடைக்கவில்லை. மூடியைக் கழற்றிப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தார்கள். உள்ளே ஒரே இடத்தில் குழி.

அதைப் பார்த்த பழனாத்தாள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். “சொல்லீட்டாரு” என்றார். “சொன்னதே நல்லதுங்க. சொல்லாம இருந்திருந்தாக் கொன்னு போட்டிருப்பானுக.” பிறகு அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். பொன்னுச்சாமியின் மனைவி அவரைப் பிடித்து ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

பிரிசில்லாவுக்குக் கவிப்பிரியா போன் செய்தபோது அவள் தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். அடுப்பை அணைத்தாள். பூபாலன் ஒன்றும் கேட்காமல் வண்டிச் சாவியை எடுத்தான். திருப்பூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் பழனாத்தாள் தனியாக உட்கார்ந்திருந்தார். கொண்டை அவிழ்ந்து முதுகில் கிடந்தது. பிரிசில்லா பக்கத்தில் உட்காரத் தயங்கி நின்றாள். பழனாத்தாள் அவள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

“அன்னிக்கு உன்னைப் போன்னு சொன்னது தப்பு கண்ணு.”

“அதெல்லாம் இப்ப எதுக்குங்கம்மா.”

“நீ சொன்னதுனாலதான் நான் அந்த ஊட்டுக்குள்ள இல்லை.”

நஞ்சப்பன் பிழைத்தார். ஆனால் வலது கை வரவில்லை, பேச்சும் சிக்கிக்கொண்டது. என்ன நடந்தது, எத்தனை பேர், எப்படிக் கேட்டார்கள் என்று அவரால் சொல்ல முடியவில்லை. போலீஸார் கேட்டால் கண்ணில் நீர் வழியும். பிறகு தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

தோப்புக்கு அப்பால் தண்ணீர் இல்லாத ஒரு வாய்க்கால் போகிறது. அதில் ஏதோ கிடைத்திருக்கிறது, பார்த்து அடையாளம் சொல்ல வேண்டும் என்று பிரிசில்லாவைக் கூப்பிட்டார்கள். அந்த நகைகளைக் கையில் எடுத்து நூல் கோத்தவள் அவள்தான். படமும் அவளிடம்தான் இருந்தது. பிரபாகரும் விமானம் பிடித்து வந்து சேர்ந்திருந்தான். இருவரும் ஏட்டின் பின்னால் வாய்க்காலுக்குள் இறங்கினார்கள்.

சீப்பு மூன்று துண்டாகக் கிடந்தது. வெள்ளிக் கொடியை எதைக் கொண்டோ நெம்பிப் பிடுங்கியிருந்தார்கள். பல்லிடுக்கில் பழனாத்தாளின் வெள்ளை முடி ஒன்று சிக்கியிருந்தது. கொஞ்சம் தள்ளி, காய்ந்த சேற்று வெடிப்புகளில் பவள மணிகள் சிதறியிருந்தன. அவள் கோத்த பட்டு நூலை அறுத்து, தங்கக் குண்டுகளை மட்டும் பொறுக்கிக்கொண்டு, மற்றதை நடந்துகொண்டே உதறியிருக்கிறார்கள். சிவப்பு மணிகள் ஒன்றன்பின் ஒன்றாக ரோட்டுப் பக்கம் போயின. ரோடு வந்ததும் முடிந்துபோயின.

“அப்போ சீப்பு வேணும்னு கேட்டது?” என்றான் பிரபாகர்.

“சீப்பு யாருக்குங்க வேணும்?” என்றார் ஏட்டு. “பெரியவங்க எந்தூரு, கூட யாரு இருக்காங்கன்னு தெரிஞ்சுக்கத்தான்.”

பிரிசில்லா குனிந்து ஒரு மணியைத் தொடப் போனாள். ஏட்டு வேண்டாம் என்று கை காட்டினார். அவள் சேற்றில் அப்படியே முழங்காலிட்டு உட்கார்ந்து, அவர்கள் ஒவ்வொரு மணியாக எடுத்துக் கவரில் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரபாகர் பக்கத்தில் வந்து நின்றான்.

“அன்னிக்கு நான் பேசுனது...” என்று ஆரம்பித்தான்.

“விடுங்க தம்பி” என்றாள்.

போலீஸார் பலருடைய படங்களை அவளிடம் காட்டினார்கள். கம்ப்யூட்டரில் வரைந்த முகத்தையும் காட்டினார்கள். எதுவும் மாடியறைக்கு வந்தவன் இல்லை. தெற்கே ஒரு ஊரில் இருவரைப் பிடித்திருப்பதாகச் சொல்லி ஒருமுறை வரச் சொன்னார்கள். பூபாலனோடு போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற இருவரும் அவள் வாழ்க்கையில் பார்த்திராதவர்கள். இல்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். அவன் பெயர் யுவன்கூட இல்லை என்பது மட்டும் உறுதியானது.

தை பிறந்து கல்யாணங்கள் தொடங்கியபோது பிரிசில்லா மறுபடி வேலைக்குப் போனாள். மணப்பெண்ணின் ஊரும் பெயரும் வராமல் படம் எடுத்தாள். பிறகு படம் எடுப்பதையே விட்டாள். நிஜமான பழைய நகைகளை லாக்கருக்கு மாற்றிவிட்டுக் கவரிங்கையே வாடகைக்குக் கொடுத்தாள். வருபவர்கள் குறைந்தார்கள். மாடிப்படியின் அடியில் பூபாலன் ஒரு இரும்புக் கதவு போட்டான்.

தோட்டத்தைப் பொன்னுச்சாமி குத்தகைக்கு எடுத்துக்கொண்டார். மாடுகளை விற்ற அன்று பழனாத்தாள் போகவில்லை. பிரபாகர் திருப்பூரில், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் பெற்றோருக்கு ஒரு வீடு பிடித்து, பகலில் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணையும் வைத்துவிட்டுத் திரும்பிப் போனான். கூடவே வந்துவிடும்படி கூப்பிட்டான். நஞ்சப்பனை அவ்வளவு தூரம் கொண்டுபோக முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் முடிந்து பிரிசில்லா அங்கே போவாள். பழனாத்தாளின் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, சாதாரண ஊசி குத்திக் கொண்டை போட்டுவிடுவாள். உடைந்த சீப்பும் பவளமும் வழக்கு முடியும்வரை கோர்ட்டில் இருக்கும். கிடைத்தால் ஒட்டித் தருகிறேன், மணிகளைக் கோத்துத் தருகிறேன் என்று பிரிசில்லா ஒருமுறை சொன்னாள்.

“வேண்டாங் கண்ணு. அது மறுக்கா இந்த ஊட்டுக்குள்ள வரக்கூடாது” என்றார் பழனாத்தாள். “உனக்கு வேணும்னா நீயே வெச்சுக்க.”

பிரிசில்லா அவர் கொண்டையில் இன்னொரு ஊசியைக் குத்தினாள்.

போன வாரம் அவள் போயிருந்தபோது வாசலில் யாரோ காலிங் பெல் அடித்தார்கள். கூரியர் பையன், பிரிசில்லா முன்பு பார்த்திராத முகம், பக்கத்து வீட்டு முகவரியைக் கேட்டான். அவன் குரல் கேட்டதும் கட்டிலில் இருந்த நஞ்சப்பன் இடது கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார். வாய் கோணி ஏதோ சத்தம் வந்தது. பழனாத்தாள் ஓடிவந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். “ஒண்ணுமில்லீங்க, ஒண்ணுமில்லீங்க, யாருமில்லை” என்றார். அவர் கேட்கவில்லை. கையைக் கதவுப் பக்கம் நீட்டியபடியே இருந்தார்.

பிரிசில்லா போய்க் கதவைச் சாத்தினாள். மேல் தாழ்ப்பாளையும் கீழ்த் தாழ்ப்பாளையும் போட்டாள். வெளியே பையனின் செருப்புச் சத்தம் தெருக்கோடி வரை போய் மறைந்தது. அப்புறமும் அவர் கையை இறக்கவில்லை.